அருகில் வந்து கேட்க வேண்டிய இசை



சென்ற வாரத்தில் ஓர் இரவு. ஏலமலையிலிருந்து திரும்பிய கடைசி ஜீப்பும் ராசிங்காபுரத்தில் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தெரு அடங்கிய பின்பு கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நமது சபையில் வளர்ந்து, இப்போது வெளியூரில் வேலைபார்க்கும் தம்பி ஒருவர் ஓர் இசைப்பதிவை அனுப்பியிருந்தார். ஜோஹன் செபாஸ்டியன் பாக் இயற்றிய விசைப்பலகை இசை. கிளாவிகார்ட் என்னும் பழைய வாத்தியத்தில் வாசிக்கப்பட்டது. அதைத் திறந்தேன். ஏதோ தொலைவில் ஒலிப்பதுபோல் இருந்தது. உடனே ஒலியைக் கூட்டினேன்; போதவில்லை என்று மீண்டும் கூட்டினேன். இப்போது இசையோடு இரைச்சலும் கூடிற்று. அதன் பின்புதான் அவர் அனுப்பியிருந்த குறிப்பு கண்ணில் பட்டது: ஒலியைக் கூட்ட வேண்டாம் ஐயா, குறைத்து வைத்துவிட்டு அறையை அமைதியாக்கிக்கொண்டு கேளுங்கள் என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்னபடி செய்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். ஒலியைப் பாதியாகக் குறைத்தேன். சில நிமிடங்கள் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, இருட்டில் கண் பழகுவதுபோலக் காது பழகிற்று. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விளங்கிற்று. ஒன்று எழுந்து, நின்று, தேய்ந்து மறைவதைப் பின்தொடர முடிந்தது. அந்த அனுபவத்தைப் பற்றியும், அது என் மனச்சாட்சியில் எழுப்பிய ஒரு பழைய காரியத்தைப் பற்றியும், நமது சபைக் கமிட்டியின் முன் இப்போது இருக்கும் ஒரு தீர்மானத்தைப் பற்றியும் இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த வாத்தியத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கிளாவிகார்ட் என்பது மேசைமேல் தூக்கிவைக்கத்தக்க நீண்ட மரப்பெட்டி. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை வீடுகளில் வழங்கிவந்தது. அதன் இயக்கம் மிக எளியது. ஒவ்வொரு விசையும் ஒரு நெம்புகோல். நாம் முன்முனையை அழுத்தினால் பின்முனை உயர்கிறது. அங்கே செங்குத்தாகப் பதித்த சிறிய பித்தளைத் தகடு தந்தியைத் தொடுகிறது. தொட்டதும் தந்தி ஒலிக்கிறது. விரலை எடுக்கும்வரை அந்தத் தகடு தந்தியை விட்டு விலகுவதில்லை. விரலை எடுத்தவுடன், தந்திகளின் ஒரு பக்கத்தில் இழையோடப் பின்னிவைத்த துணி அதிர்வை அடக்கிவிடுகிறது.

இதன் சிறப்பை மற்ற வாத்தியங்களோடு ஒப்பிட்டால் விளங்கிக்கொள்ளலாம். அதே காலத்து ஹார்ப்சிகார்டில் விசையை அழுத்தினால் ஒரு சிறு இறகுமுனை தந்தியைச் சுண்டிவிடும். மெல்ல அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு ஏறக்குறைய ஒன்றே. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கிவிடும். அதன்பின் அந்தச் சுரத்தை வாசிப்பவரால் மாற்ற முடியாது. கிளாவிகார்டிலோ, சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் விரலுக்கும் தந்திக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. விரலைச் சற்றே அழுத்தித் தளர்த்தினால் சுரம் நடுங்கும். ஜெர்மானியர் இந்த நடுக்கத்துக்குப் பேபுங் என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். வீணையில் தந்தியை மெட்டின்மேல் இழுத்து அசைத்துக் கமகம் எழுப்புவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? விசைப்பலகை வாத்தியங்களுக்குள் அந்தக் கமகத்துக்குச் சிறிதேனும் உறவானது இது ஒன்றுதான். வேண்டுமென்று வலிந்து அழுத்தினாலோ, தந்தி மிகையாக இழுபட்டுச் சுருதி கெட்டுவிடும். இந்த வாத்தியம் பலவந்தத்தை ஏற்பதில்லை.

இத்தனை நுட்பத்துக்கும் அது கொடுக்கும் விலை, ஒலியின் சிறுமை. பக்கத்தில் இருவர் சாதாரணமாகப் பேசினாலே இசை மறைந்துவிடும். கிளாவிகார்டைக் கேட்க வேண்டுமானால் அருகில் வந்து, பேச்சை நிறுத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

நாம் பரோக் என்று அழைக்கும் காலம் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. அக்காலத்து இசை என்றால் பெரிய ஆலயங்களும் முழங்கும் ஆர்கன்களும் பாடற்குழுக்களும் நம் நினைவுக்கு வரும். பாக் அவ்வாறு முழங்கியவர்தான். லைப்சிக் நகரின் ஆலயங்களுக்காக அவர் இயற்றியவை எண்ணற்றவை. ஆனால் அவருடைய வீட்டுக்குள் சென்று பாருங்கள். 1720ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்கு ஒன்பது வயது நடக்கையில், அவனுக்கென ஒரு சிறு இசைப் புத்தகத்தைத் தொடங்கினார். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று கற்பிக்கும் முதற்பாடத்தின் தலைப்பில், இயேசுவின் நாமத்தில் என்னும் பொருள்தரும் இலத்தீன் முதலெழுத்துகளைக் குறித்தார். சங்கீதத்துக்கு மட்டுமல்ல, விரற்பயிற்சிக்கும் அவர் ஜெபத்தோடு அடித்தளம் இட்டார்.

அந்தச் சிறு புத்தகத்தில் முதல் வடிவம் பெற்ற பல துண்டுகள் பின்னர்ப் பெரிய நூல்களுக்குள் சென்றன. 1722இல் இருபத்துநான்கு முன்னிசைகளும் ஃபியூக்குகளும் கொண்ட தொகுப்பின் முதற்பாகம் நிறைவுற்றது. அந்தத் தம்பி எனக்கு அனுப்பியதும் அதன் முதல் முன்னிசையே. 1723இல் இரண்டு குரலும் மூன்று குரலும் கொண்ட முப்பது சிறு பயிற்சிகளைத் தொகுத்து எழுதியபோது, கற்பவர் பாடுவதுபோல் வாசிக்கும் முறையை அடைய வேண்டும் என்பதையே முதன்மையான நோக்கங்களில் ஒன்றாகப் பாக் குறிப்பிட்டார். அவர் கிளாவியர் என்று எழுதுமிடத்தில் அச்சொல் விசைப்பலகை வாத்தியங்கள் யாவற்றையும் குறிக்கும். அவருக்கு எல்லாவற்றிலும் கிளாவிகார்டே மிகப் பிரியமானது என்று 1802இல் அவருடைய வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெல் கூறுகிறார்; இக்காலத்து ஆய்வாளர் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆயினும் அவருடைய மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக் விஷயத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. அவர் 1753இல் வெளியிட்ட பயிற்சி நூலில், ஒருவருடைய வாசிப்பின் தரத்தை மதிப்பிடக் கிளாவிகார்டே சிறந்தது என்று எழுதினார். 1772இல் ஆங்கிலேய இசையறிஞர் சார்லஸ் பர்னி ஹாம்பர்க் நகரில் அவரைக் காணச் சென்றார். உணவுக்குப்பின் இமானுவேல் பாக் தம் கிளாவிகார்டின் முன் அமர்ந்து இரவு வெகுநேரம்வரை வாசித்தாராம். மெதுவான பகுதிகளில் அந்தச் சிறு பெட்டியிலிருந்து துயரத்தின் கூக்குரலே எழுந்ததாகப் பர்னி பதிவுசெய்தார். கூக்குரலை எழுப்பியது ஒலியின் அளவன்று என்பதைக் கவனியுங்கள். தந்தியை விட்டு விலகாத விரலே அதை எழுப்பிற்று.

அன்பானவர்களே, இங்கே ஒரு செய்தியை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். அக்காலத்து ஆலய ஆர்கனை வாசிப்பவர் தனியாக வாசித்துவிட முடியாது. துருத்தியை மிதித்துக் காற்றூட்ட வேறு ஆட்கள் வேண்டும்; அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆலயத்துக்குள் விரல்கள் விறைத்துப்போகும். ஆகவே ஆர்கன் வாசிப்போர் வீட்டில் கிளாவிகார்டில் பயின்றார்கள். காலால் வாசிக்கும் பலகையும் இணைத்த கிளாவிகார்டுகள் இதற்கென்றே செய்யப்பட்டன. 1760இல் செய்யப்பட்ட அத்தகைய ஒன்று லைப்சிக் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஞாயிறன்று ஆலயத்தை நிறைத்த முழக்கம், வார நாட்களில் எவருக்கும் கேளாத ஒலியில் உருவாயிற்று. என் கருத்தின் சாரம் இதுவே: மெல்லிய ஒலியில் பயிலாத விரலும், மெல்லிய ஒலியைக் கேட்டுப் பழகாத செவியும் பெரும் ஒலியைத் தாங்கத் தகுதியற்றவை.

இவையெல்லாம் ஐரோப்பியர் கதை, ஏலமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு கடந்து செல்லும் நெடுஞ்சாலை கொச்சியில் போய் முடிவதை அறிவீர்கள். அந்தக் கொச்சியில் 1580ஆம் ஆண்டு இத்தாலியரான மத்தேயோ ரிச்சி என்னும் இளம் இயேசுசபைத் துறவி குருப்பட்டம் பெற்றார். பின்பு சீனாவுக்குச் சென்ற அவர், 1601இல் பெய்ஜிங் நகரில் பேரரசருக்கு அளித்த காணிக்கைகளுள் தானாக மணியடிக்கும் கடிகாரங்களும் இருந்தன, ஒரு விசைப்பலகை வாத்தியமும் இருந்தது. அது கிளாவிகார்ட் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அரண்மனைப் பணியாளர் நால்வருக்கு ரிச்சியின் தோழர் பந்தோகா அதை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்; அவர்கள் பாடுவதற்காக ரிச்சி சீன மொழியில் எட்டுப் பாடல்களை எழுதினார். ஆனால் பேரரசரின் மனத்தைக் கவர்ந்தவை கடிகாரங்களே. தானாக ஒலிப்பது அவருக்கு அதிசயமாயிருந்தது. மனித விரல் அருகிருந்தாலன்றி ஒலிக்காததைக் கேட்கப் பொறுமை வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் தாளமும் பக்கவாத்தியமும் தானாகவே பொழியும் நமது கீபோர்டின் முன் நிற்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று நமக்கு உண்டு. ஜெர்மனியில் ஹாலே என்று ஒரு நகரம். 1685இல் அங்கே ஹேண்டல் பிறந்தார். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பிய தகப்பனார் இசையை வீட்டுக்குள் அனுமதிக்கவில்லையாம். சிறுவன் எப்படியோ ஒரு சிறு கிளாவிகார்டை மாடியின் உச்சி அறைக்குக் கொண்டுபோய், வீட்டார் உறங்கிய பின்பு பயின்றான் என்று 1760இல் வெளிவந்த அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு சொல்லுகிறது. வேறு எந்த வாத்தியமாயிருந்தாலும் வீடே விழித்திருக்கும். 1703ஆம் ஆண்டு ஹேண்டல் அந்நகரைவிட்டு ஹாம்பர்க் சென்றார். அதே ஆண்டில் ஹாலே பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்த மாணவர்களுள் ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கி, தமிழ் கற்று, நம் மொழியில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டுத் தந்த அதே சீகன்பால்குதான். அவரும் அவர் வழியே ஹாலேயிலிருந்து வந்தவர்களும் வேதத்தோடு தங்கள் சபைப் பாடல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய வெள்ளியன்று முள்முடி சூடிய சிரசை நோக்கி நாம் பாடும் பாமாலைப் பாட்டின் மெட்டு, பாக் தம் மத்தேயு பாடுகளின் இசையில் பலமுறை எடுத்தாண்ட அதே மெட்டு. ஆகவே பாக்கும் ஹேண்டலும் நமக்கு அந்நியர் அல்லர். நம் பாட்டுப்புத்தகம் பிறந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இனி என் மனச்சாட்சியில் எழுந்த காரியத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவர்களுடைய அனுமதியைப் பெற்று, அவர்கள் இன்னாரென்று விளங்காதபடி இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறியாயிற்று. வழக்கம்போலக் கீபோர்டும் தாளமும் ஒலித்துக்கொண்டே இருந்தன. ஜனங்கள் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாயார் என்னருகில் வந்தார்கள். வாரம் முழுவதும் மலையில் காயெடுக்கும் வேலை. அதிகம் பேசிப் பழகாதவர்கள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஏதோ சொன்னார்கள். என் காதில் விழவில்லை. காதைக் காட்டி, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். பின்பு, "ஒண்ணுமில்லைங்கய்யா, ஜெபத்துல நெனச்சுக்கோங்க" என்று சொல்லிப் போய்விட்டார்கள். நானும் அடுத்தவருக்குக் கைகொடுத்தேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, அதிகாலையில் தெருமுனையில் நின்ற ஜீப்பில், மற்றப் பெண்களுக்கு நடுவே அவர்களுடைய மகளையும் கண்டேன். பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. விசாரித்தபோது காரியம் விளங்கிற்று. 8,000 ரூபாய்க் கடன். கொடுத்தவர் நெருக்கியதால், படிப்பை நிறுத்திவிட்டு மகளை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஞாயிறன்று என்னிடம் சொல்ல வந்தது அதுதான். அந்த மாதத்தில் சபையின் ஸ்பீக்கர்களைப் பழுதுபார்க்க நாம் கொடுத்த தொகை அந்தக் கடனைவிட அதிகம். கடனைத் தீர்க்கப் பின்பு சபையார் உதவினீர்கள். ஆனால் பிள்ளையின் மனம் அதற்குள் பள்ளியை விட்டு வெளியேறிவிட்டது. அவள் திரும்பிப் போகவில்லை.

சத்தமாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். ஒரு தாய் தன் குடும்பத்தின் கடனை எப்படிச் சத்தமாகச் சொல்ல முடியும்? சத்தமாகச் சொல்ல இயலாதவற்றைச் சொல்வதற்காகத்தானே அவர்கள் ஆலயத்துக்கு வந்தார்கள்? குறை அவர்களுடைய குரலில் இருக்கவில்லை. நான் இரண்டடி முன்சென்று குனிந்திருக்க வேண்டும். அந்தக் கீபோர்டை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். கைபேசியில் கிளாவிகார்டைக் கேட்கக் குறிப்பைப் படிக்காமல் ஒலியைக் கூட்டிய அதே மனிதன்தான் அன்றும் அங்கே நின்றான்.

அமைதியைப் பற்றிப் பேசினால் ஓரேப் மலையில் நின்ற எலியாவை நீங்கள் நினைப்பீர்கள். எனக்கோ சீலோவில் அழுத அன்னாள் நினைவுக்கு வருகிறாள். சாமுவேலின் முதலாம் புத்தகம் முதலாம் அதிகாரத்தை இவ்வாரம் மீண்டும் வாசியுங்கள். அவள் இருதயத்திலே பேசினாள், உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை. வாசலருகே அமர்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி அவளைக் கண்டான், கண்டும் தவறாக எண்ணினான். அவள் குடித்திருக்கிறாள் என்றான். ஆலயத்தில் ஊழியம் செய்கிற ஒருவனுக்கு மெல்லிய ஜெபத்தை அடையாளம் காணத் தெரியவில்லை. ஆனால் ஏலியிடம் ஒரு நன்மை இருந்தது. அவள் விளக்கியபோது அவன் நிறுத்திக் கேட்டான், கேட்டபின் ஆசீர்வதித்தான். ஆண்டுகள் கழித்து, இரவில் சிறுவன் சாமுவேலை அழைத்த குரல் ஆண்டவருடையது என்று புரிந்துகொண்டவனும் அதே ஏலிதான். கேட்கத் தவறிய ஊழியக்காரனும் கேட்கக் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அது எனக்குத் தருகிறது.

நம் ஆண்டவரையும் பாருங்கள். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் திரளான ஜனங்கள் அவரை நெருக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண் பின்னாலே வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் குரல் கொடுக்கவில்லை. அத்தனை சந்தடியிலும் அவர் நின்றார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். நெருக்குகிற கூட்டத்துக்கும் தொடுகிற விரலுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கமிட்டியின் முன்னுள்ள தீர்மானம். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு முன்பாகப் புதிய பெரிய ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் வாங்க வேண்டுமென்று வாலிபர் சங்கத்தார் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். மாலையில் களைத்து வந்தும் பாடல் பயிற்சிக்கு நிற்கிறவர்கள் அவர்களே. அவர்கள் சொல்லும் நியாயங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொனிக்கும் கைத்தாளங்களோடு துதிக்கும்படி நூற்றைம்பதாம் சங்கீதம் அழைக்கிறதே என்கிறார்கள், உண்மைதான். கடைசி வரிசையில் இருக்கும் காது மந்தமான முதியவர்களுக்குப் பிரசங்கம் கேட்க வேண்டாமா என்கிறார்கள், அதுவும் உண்மை. மேலும், பாக் தம் ஆலயத்தில் கிளாவிகார்டையா வைத்தார், முழங்கும் ஆர்கனைத்தானே வாசித்தார் என்று யாராவது என்னை மடக்கினால் அதற்கும் நான் தலைவணங்க வேண்டும். கிளாவிகார்ட் ஆலயத்துக்குரிய வாத்தியம் அன்று. நான் சற்றுமுன் குறிப்பிட்ட இமானுவேல் பாக்கும் ஹார்ப்சிகார்ட் ஒன்று, கிளாவிகார்ட் ஒன்று என இரண்டையும் வைத்து மாறிமாறிப் பயில வேண்டும் என்றுதான் போதித்தார்.

நம் நிலைமையோ வேறு. நம்மிடம் முழங்குவது மட்டுமே இருக்கிறது. மற்றொன்று இல்லவே இல்லை. ஜெப நேரத்திலும் பின்னணியாகக் கீபோர்டு ஒலிக்கிறது. காணிக்கை எடுக்கும்போதும் ஒலிக்கிறது. ஆராதனை முடிந்த பின்பும் ஒலிக்கிறது. பிள்ளைகள் கீபோர்டு கற்கத் தொடங்கும் முதல் நாளே தானியங்கித் தாளத்தைப் போட்டுவிடுகிறார்கள். தன் விரலிலிருந்து பிறக்கும் ஒரு சுரத்தைத் தனியாகக் கேட்கும் வாய்ப்பே பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. தவறான சுரமும் அந்த ஆரவாரத்தில் மறைந்துவிடுகிறது. மறைவது பிள்ளைக்கு நன்மையென்று நாம் எண்ணுகிறோம். கிளாவிகார்டில் எதுவும் மறையாது. ஆகவேதான் அதில் பயின்றவர்கள் தேறினார்கள்.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லுகிறேன். பெரிய ஸ்பீக்கர்களை இவ்வாண்டு வாங்க வேண்டாம். வேதவாசிப்பும் பிரசங்கமும் கடைசி வரிசைக்குத் தெளிவாக எட்டும்படி இருக்கிற ஒலிபெருக்கியைச் சீர்செய்தால் போதும். மீதித் தொகையைக் கமிட்டியின் பொறுப்பில், மாணவர்களின் படிப்பு நின்றுபோகாமல் காக்கும் நிதியாக ஒதுக்கிவைப்போம். ஜெப வேளையில் எந்த வாத்தியமும் ஒலிக்க வேண்டாம். அந்த மௌனம் முதலில் நம்மைச் சங்கடப்படுத்தும், சில வாரங்களில் பழகிவிடும். மாதத்தில் ஒரு மாலை ஆராதனையை மின்கருவிகள் எதுவுமின்றி நடத்துவோம். பாமாலையை நம் குரல்களால் மட்டும் பாடுவோம். அப்போது அருகிலிருப்பவர் எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று கேட்டுத்தான் நாம் பாட முடியும். கீபோர்டு கற்கும் பிள்ளைகள் முதல் ஆறு மாதங்கள் தானியங்கித் தாளத்தைத் தொடாமல், ஒலியைக் குறைத்துவைத்து, ஒரு ஞானப்பாட்டின் மெட்டைப் பாடுவதுபோல் வாசிக்கக் கற்கட்டும்.

கடைசியாக, என் பங்கு. இந்த ஞாயிறு முதல் ஆராதனை முடிந்தபின் அரைமணி நேரம் ஆலயத்தின் பக்க அறையில் அமர்ந்திருப்பேன். கதவு சாத்தியிருக்கும், கைபேசி அணைந்திருக்கும். மெல்லப் பேசுகிறவர்கள் வாருங்கள். பேச வராதவர்களும் வந்து சற்றுநேரம் உட்கார்ந்திருங்கள். சத்தமாகச் சொல்லுங்கள் என்று இனி ஒருவரிடமும் சொல்லமாட்டேன். நாற்காலியை நான் அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

மலையில் வேலைசெய்கிறவர்களாகிய உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை. ஏலச்செடியில் எந்தக் காய் பறிக்கும் பருவத்தில் இருக்கிறது, எது இன்னும் முற்றவில்லை என்று தூரின் அருகே குனிந்து பார்த்து, விரலால் தொட்டு அறிகிறீர்கள். நின்ற இடத்திலிருந்து எட்டிப் பறிக்க வருவதில்லை. உங்கள் கைகள் அறிந்ததை என் செவி பிந்திக் கற்கிறது.

இவ்வாரம் ஓர் இரவு, வீட்டார் யாவரும் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஒருவரோடொருவர் அமர்ந்திருங்கள். வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் யார் என்று நினைத்துப்பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அன்னாளின் அசையும் உதடுகளைக் கேட்ட ஆண்டவரே, கேட்காமற்போன நாட்களுக்காக எங்களை மன்னியும். எங்கள் ஆரவாரத்தை அடக்கி, எங்களை ஒருவருக்கொருவர் அருகில் கொண்டுவாரும். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.